சம்பளம் குறைந்த ஆண்டில் கூட நின்றவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நட்புகளுக்கும்,

வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன முதல் வருஷம் நல்லபடியாக முடிந்தது. தனித்தனியே சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் அப்பா. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். மகள் வெயில் படாத இடத்தில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும், அவர் ஆசை அவ்வளவுதான். அது கிடைத்ததும் என் ஆசை அடுத்த படிக்குத் தாவியது. 90களில் இங்கே சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு 'ஐந்து சி' மனப்பாடம்: கேஷ், கார், கிரெடிட் கார்டு, காண்டோ, கன்ட்ரி கிளப். கார் வாங்க வேண்டும் என்ற எண்ணம், கார் வைத்திருக்க எடுக்க வேண்டிய சிஓஇ என்ற உரிமச் சான்று ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டிய பிறகும் எனக்கு இருந்தது. அந்த ஆசைகளை நான் குறை சொல்லமாட்டேன். சாங்கி பிசினஸ் பார்க்கில் உழைத்த அந்த ஆண்டுகளில்தான் தம்பி படித்து முடித்தான், வீட்டுக் கடனும் பாதி அடைந்தது. ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு, அடுத்த பதவி உயர்வை நினைத்தால் மனம் துள்ளவில்லை. வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகும்போது துள்ளியது.

வேலையை விடுகிறேன் என்றதும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்கேயும் ஏசி இருக்குமாம்மா?" இருக்கும்ப்பா என்றேன். "அப்பச் சரி." உங்கள் அந்த ஒரு வார்த்தை போதும் அப்பா.

அடுத்து, என் பழைய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த அண்ணன். பிடோக்கில் ஒரு காப்பிக்கடையில் உட்கார வைத்து, ஏன் விடுகிறாய் என்று கேட்காமல், "வீட்டுத் தவணை எதிலிருந்து போகுது?" என்று கேட்டார். சம்பளத்திலிருந்து மாதாமாதம் சேரும் மசேநிதியிலிருந்து (மத்திய சேம நிதி) என்றேன். பேனாவைத் திறந்தார். சம்பளம் இறங்கினால் கைக்கு வருவது குறையும், அது எல்லோருக்கும் தெரியும். அந்த நிதியில் தவணை போகிற 'சாதாரணக் கணக்கு' என்ற பகுதியும் கூடவே இளைக்கும் என்பதை அவர்தான் எழுதிக் காட்டினார். முதலாளி போடுவது சம்பளத்தில் 17 விழுக்காடு, நம் பங்கு 20. இந்த 37இல் என் வயதுக்குச் சாதாரணக் கணக்குக்குப் போவது 21. புதுச் சம்பளம் 3,200 வெள்ளிக்கு அது 672 வெள்ளி. தவணையில் என் பங்கோ 900. மாதம் 228 வெள்ளி துண்டு விழும். பழைய இருப்பு இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. தீர்ந்த மாதம் கைக்காசு கேட்கும். "நாற்பத்தஞ்சு வயசு தாண்டினா அந்த 21 விழுக்காடு 19 ஆயிடும். அதையும் இப்பவே போட்டுக்க" என்று 292 என எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். சேமிப்பை எடுத்துக் கடனை ஒரேயடியாகக் கட்டிவிடலாமா என்று கேட்டேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடுதான், கையிருப்பைக் கரைக்காதே, ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியே கிடக்கட்டும் என்றார்.

அண்ணே, தைரியமாக இரு என்று பலர் சொன்னார்கள். தைரியம் எத்தனை வெள்ளியில் இருக்கிறது என்று காட்டியவர் நீங்கள்தான். அந்தத் தாள் இன்னும் எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது.

2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் சேர்ந்த 4,000 வெள்ளி பட்டயப் படிப்புக் கட்டணத்துக்குக் கைகொடுத்தது. இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லித்தந்த தம்பிக்கு நன்றி. வகுப்பு இருந்த மாலைகளில் என் மகளுக்குச் சோறு போட்ட கீழ்வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக், தெரிமா காசி, நன்றி. பணம் தர வந்தபோதெல்லாம் என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

அத்தை, உங்களுக்கு எப்படிச் சொல்வது? கழற்றவே கழற்றாத வளையலைக் கழற்றி, "தேவைப்பட்டா தேக்காவுல அடகு வச்சுக்க" என்று என் முன்னால் வைத்தீர்கள். வளையல் திரும்ப உங்கள் கைக்கே வந்துவிட்டது. ஆனால் அது இருக்கிறது என்ற தெம்பில்தான் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். என் கணவரான உங்கள் மகனுக்கும் சேர்த்து நன்றி. இந்த டிசம்பர் விடுமுறைக்கு எங்கேயும் போகவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் அவர் சந்தோஷமாகவே சொன்னார்.

பள்ளியில் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கிய மூத்த ஆசிரியை அக்காவுக்கு ஒரு செய்தி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான் என்று நான் சோர்ந்து பேசியபோது, "பாட்டைக் குறை, பேச்சைக் கூட்டு" என்றீர்களே. ஆங்கிலத்தை விட்டு இறங்காத அந்தப் பையன், போன வாரம் தோழி தடுக்கி விழுந்ததும் ஓடிப்போய் முழங்காலைப் பார்த்து "வலிக்குதா?" என்றான். பாடத்தில் அந்தச் சொல் இல்லை. நாம் கேட்பதைக் கேட்டுக் கற்றிருக்கிறான் அக்கா.

பொங்கலன்று எங்கள் ஈசூன் வீட்டுக்கு எல்லோரும் சாப்பிட வர வேண்டும். அண்ணன் பேனா கொண்டுவருவார். என்னைப் போல வேலை மாறும் யோசனையில் இருப்பவர்களும் தவணை விவரத்தோடு வரலாம், அவரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்