ஆதாயம் போட்டீர்கள், விரயம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘2026-இல் தொழில்நுட்பம்’ என்று இந்த மாதம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கடையில் வேலைக்கு நடுவே இரண்டு தடவை படித்தேன். பேசும் கண்ணாடி, மடிக்கிற போன், நாம் கேட்காமலே ரயில் டிக்கெட் போட்டுவிடும் ஏஐ உதவியாளர் என்று கட்டுரையாளர் சுவையாகவே எழுதியிருக்கிறார். படித்து முடித்ததும் எனக்கு எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம்தான் ஞாபகம் வந்தது. அதில் ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இத்தனை, விரயம் இத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஆதாயம் 5, விரயம் 11 என்று வந்துவிட்டால் என் அம்மா பஞ்சாங்கத்தைப் பட்டென்று மூடி அலமாரியில் வைத்துவிடுவார். உங்கள் கட்டுரையில் பன்னிரண்டு ராசிக்கும் ஆதாயம் மட்டும்தான் இருக்கிறது.

நான் மன்னார்குடியில் கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். பதினேழு வருஷம் ஆகிறது. 2025 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட இதே மாதிரிக் கட்டுரையையும் பழைய இதழ் அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் சொன்ன சாமான்களில் ஒன்றுகூட ரிப்பேருக்காகவாவது என் மேஜைக்கு வரவில்லை. வருஷம் முழுக்க என்னிடம் வந்தது வேறு இரண்டு கேள்விகள். வீடியோவில் முகம் பார்த்துப் பேசும் ஸ்கைப் மே 5-ஆம் தேதியோடு நின்றது, வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் வரிசையாக வந்து “இனி எதில் பேசுவது தம்பி?” என்றார்கள். அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் சும்மா அனுப்பிவந்த பாதுகாப்பு அப்டேட், முடிந்தது. அன்றைக்கே ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் முடிந்தது. விண்டோஸ் விஷயமாவது வருஷக் கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட தேதி. அதைச் சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை, காலண்டர் போதும். இருந்தும் அந்த ஜனவரிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். ஊருக்கே டீச்சரம்மா. நவம்பரில் ஒரு நாள் மஞ்சள் பையில் லேப்டாப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். “இதுக்கு ஆயுசு முடிஞ்சுடுச்சாமே, பேப்பர்ல போட்டிருக்கான்” என்றார். 2017-இல் வாங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தைப் போட்டுக் கொடுத்தேன். சுவிட்சைத் தட்டினால் கால் நிமிஷத்தில் திறக்கிறது. கீபோர்டில் தமிழ்99 என்ற தட்டச்சு முறைக்கான எழுத்துகளைச் சின்னச் சின்ன ஸ்டிக்கராக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். ‘ம’ மட்டும் தேய்ந்துபோய்ப் பேனாவால் எழுதியிருந்தது. குறை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இவருடையது ஏழாம் தலைமுறை. இதை விளக்கினேன். “அப்ப ஏழாவதோட டி.சி. கொடுத்துட்டாங்கன்னு சொல்லு” என்றார். டீச்சர் இல்லையா!

சரி, அவருக்கு வழி இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்க்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால், பாதுகாப்பு அப்டேட் இன்னும் ஒரு வருஷத்துக்குக் காசில்லாமல் கிடைக்கும். பேக்கப் வேண்டாம் என்றால் 30 டாலர். அதில் பதிந்து கொடுத்தேன், பத்து நிமிஷ வேலை. அந்த ஒரு வருஷம் 2026 அக்டோபர் 13-ஆம் தேதி முடிகிறது. என் விரயக் கணக்கில் முதல் வரி இதுதான். அதற்கப்புறமும் பெட்டி ஓடும், கெட்டுப்போகாது. ஆனால் பாதுகாப்பில் புதிதாக ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. அந்த மாதம் “உங்கள் கம்ப்யூட்டர் காலாவதியாகிவிட்டது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்” என்று மோசடிக்காரர்கள் மெசேஜ் அனுப்புவார்கள் என்பது என் ஊகம். டீச்சரம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது வரி, ரேம். கம்ப்யூட்டரும் போனும் வேலை செய்யும்போது மட்டும் பயன்படுத்தும் தற்காலிக மெமரி அது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒன்றுமே இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம். செப்டம்பரில் ஒரு டியூஷன் சென்டருக்கு ஆறு கம்ப்யூட்டருக்கு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் யோசித்து, கமிட்டி கூட்டி, டிசம்பரில் சரி என்றார்கள். அதற்குள் திருச்சி டிஸ்ட்ரிபியூட்டரிடம் ரேம் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. போனில் கேட்டால், “இன்னிக்கு ரேட் இது, சாயங்காலம் கேட்டா சாயங்கால ரேட்” என்கிறார். தங்கத்துக்குத்தான் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொட்டேஷனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அவர்கள் மறுபடியும் கமிட்டி கூட்டுகிறார்கள்.

காரணம், நீங்கள் ஆதாயப் பக்கத்தில் எழுதிய அதே ஏஐ. உலகத்துக்கு வேண்டிய ரேம் சிப்பில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனிகள்தான் செய்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு ஒருவகை அதிவேக மெமரி வேண்டும். அதில் லாபம் அதிகம் என்பதால் தொழிற்சாலையில் இடத்தை அதற்கு ஒதுக்கிவிட்டார்கள். நம் வீட்டு லேப்டாப்புக்கும் போனுக்கும் மிஞ்சியது கொஞ்சம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான், ‘குரூஷியல்’ என்ற பெயரில் இத்தனை காலம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். கடையில் பலருக்கும் நம்பிப் போட்டுக் கொடுத்த பிராண்டு அது.

‘2026-இல் சாதாரண போனிலும் ஏஐ உள்ளேயே இயங்கும்’ என்று கட்டுரையாளர் சொல்கிறார். போனுக்குள்ளேயே அது இயங்க வேண்டுமானால் ரேம் தாராளமாக வேண்டும். அந்த ரேமைத்தான் டேட்டா சென்டரில் இருக்கும் அதன் அண்ணன் அள்ளிக்கொண்டு போய்விட்டானே! என் கணக்குப்படி, 10,000 ரூபாய்க்குள் போன் வாங்குகிறவருக்கு 2026-இல் விலை கூடும், இல்லையென்றால் அதே விலைக்கு ரேம் குறையும். நான் சொன்னது தப்பாகப் போனால் எனக்கும் சந்தோஷம்தான், ஆறு கம்ப்யூட்டரை விற்றுவிடுவேன்.

செக்யூர் பூட் சமாச்சாரம் ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டர் திறக்கும்போதே திருட்டு மென்பொருள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் காவல் ஏற்பாடு அது. அது சரிபார்க்கப் பயன்படுத்துகிற 2011-ஆம் வருஷத்து டிஜிட்டல் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. அப்டேட் ஒழுங்காகப் போட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே மாறிவிடும். வருஷக் கணக்கில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

புதுச் சாமான் எதுவும் வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை நான். ஆனால் 2024 ஏப்ரலில் வந்த ஹியூமேன் ஏஐ பின் நினைவிருக்கிறதா? சட்டையில் குத்திக்கொண்டு பேசினால் பதில் சொல்லும் ஏஐ கருவி, இனி போனே வேண்டாம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். விலை 699 டாலர், மாதச் சந்தா 24 டாலர் தனி. 2025 பிப்ரவரி 28 அன்று சர்வரை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் மென்பொருளையும் காப்புரிமைகளையும் எச்பி 116 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்தக் கருவியை வாங்கிக் குத்திக்கொண்டவர்களில் கடைசி 90 நாளுக்குள் வாங்கியவர்களுக்குத்தான் பணம் திரும்பியது. அவ்வளவு தூரம் போவானேன், நானே 2021-இல் கடை வாசலுக்கு ஒரு வைஃபை கேமரா மாட்டினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு வருஷத்தில் அவர்களுடைய ஆப் காணாமல் போனது, ஆப் இல்லாமல் கேமராவில் படம் தெரியாது. லென்ஸ் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது. இப்போது அதன் பின்னால் ஒரு பல்லி குடும்பம் நடத்துகிறது.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒரு மாடல் போனின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஐந்து வருஷம் ஓ.எஸ். அப்டேட் தர வேண்டும். ஏழு வருஷம் ஸ்பேர் கிடைக்க வேண்டும். இங்கே பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் குறியீடு வேண்டும் என்று ஒரு குழு மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. அது எப்போது போன் டப்பாவின் மேல் ஏறுமோ! அதுவரை இந்த வேலையை உங்களைப் போன்ற பத்திரிகைகள்தான் செய்ய வேண்டும்.

பிப்ரவரி இதழில் ஸ்மார்ட் வாட்ச் வாங்குவோருக்குக் கையேடு வருவதாகக் கடைசிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு வாட்சுக்கும் நேராக ‘விரயம்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அப்டேட் எந்த வருஷம் வரை, சந்தா கட்டாவிட்டால் எது எது நிற்கும், பேட்டரி உப்பினால் மாற்ற முடியுமா, ஸ்ட்ராப் வெளியில் கிடைக்குமா. கம்பெனிக்காரர்கள் பதில் சொல்லவில்லை என்றால் கட்டத்தைக் காலியாகவே அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் கடைக்காரர்,
மன்னார்குடி.

பி.கு.: கட்டுரையில் ஒரு போனுக்கு ‘128 ஜிபி ரேம்’ என்று இருக்கிறது. அது ஸ்டோரேஜ். இப்போது ரேம் விற்கிற விலையில் 128 ஜிபி என்றால் போனோடு பைக்கும் அடகுக்குப் போகும்.