வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

மேலைநாட்டு அறிஞர்கள் நம் வடமொழி நூல்களை எப்படிப் படித்தார்கள் என்பதே இந்த ஆண்டுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். மாதந்தோறும் கூடினோம். மழையால் ஒரு கூட்டம் மட்டும் நின்றுபோனது.

முதலில் காளிதாசரின் சாகுந்தல நாடகம். வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலத்தில் தந்ததை ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அதைப் படித்துத்தான் ஜெர்மன் கவிஞர் கதே மனம் நெகிழ்ந்து கவிதை எழுதினார். அப்புறம் உபநிடதங்கள். 1657இல் முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் முயற்சியில் பாரசீகத்துக்குப் போனவை, பிரெஞ்சு அறிஞர் ஆங்க்தில் துப்பெரோனால் லத்தீனாகி 1801-02இல் அச்சேறின. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவர் படித்தது அந்த லத்தீனைத்தான். மூலத்துக்கு இரண்டு மொழி தள்ளி நின்றும், தன் வாழ்வின் ஆறுதல் அதுவே என்றார். அன்று கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வால்டன்' நூல் மட்டும் மூன்று கூட்டங்கள் எடுத்துக்கொண்டது. 1845 முதல் 1847 வரை மாசசூசெட்ஸில் வால்டன் என்ற குளத்தின் கரையில் ஒரு குடிலில் வாழ்ந்தவர், காலையில் தன் அறிவைக் கீதையில் நீராட்டுவதாக எழுதுகிறார். 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்துப் பனிக்கட்டியை விற்பனைக்காக அறுத்தெடுத்தார்கள். அதைப் பார்த்ததும், வெயிலில் வேகும் மதராஸ், பம்பாய், கல்கத்தா மக்கள் தன் கிணற்றில் நீர் அருந்துவதாகவும், வால்டன் நீர் கங்கையில் கலப்பதாகவும் அவருக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பெயரை அங்கே பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அடுத்த ஞாயிறே மெரினா ஐஸ் ஹவுஸுக்குப் போனோம். இன்றைய விவேகானந்தர் இல்லம், அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டியதுதான்.

இங்கே ஒரு திருத்தம். வால்டன் பனிக்கட்டியே அங்கு வந்து இறங்கியதாகச் சுற்றறிக்கையில் எழுதியிருந்தேன். நூலில் அப்படி இல்லை. அறுத்து அடுக்கிய சுமார் 10,000 டன்னில் ஒரு பகுதிதான் வெளியே போனது. மிச்சம் 1848 செப்டம்பர் வரை கிடந்து கரைந்து, பெரும்பகுதி குளத்துக்கே திரும்பியது என்கிறார் தோரோ. சுட்டிக்காட்டிய உறுப்பினருக்கு நன்றி.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டு கவிஞர் டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதை; அதன் கடைசிப் பகுதியில் இடி பேசுவது பிருகதாரண்யகத்திலிருந்து வருவதால், அந்த உபநிடதத்தின் தமிழாக்கம் வைத்திருப்பவர்கள் வட்டத்துக்கு இரவல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்