அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் 36-ஆம் அதிபராக இருந்து 1973-இல் மறைந்த திரு. லிண்டன் ஜான்சன் அவர்களுக்கு,

1964 மே 27 அன்று தாங்கள் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியுடன் பேசிய தொலைபேசி ஒலிப்பதிவு இன்று எவரும் கேட்கக் கிடைக்கிறது. வியட்நாமுக்காகப் போரிடுவதில் பொருளில்லை, ஆனால் விலகவும் வழியில்லை என்று அதில் சொல்கிறீர்கள். அப்போது அங்கிருந்த அமெரிக்கத் துருப்பினர் சுமார் 16,000 பேர். 1968-இல் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

உள்நாட்டிலோ, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தில் 1965 ஆகஸ்ட் 6-இல் தாங்கள் கையொப்பமிட்ட ஐந்தே நாளில் லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டு 34 பேர் மாண்டனர். இவ்வளவு செய்தும் ஏன் இப்படி என்று தாங்கள் திகைத்தீர்களாம். தென் மாநில வாக்குச்சாவடிகளைத் திறந்துவிட்ட அச்சட்டம், பெருநகரச் சேரிகளின் வேலையின்மையையும் வாடகைக் கொடுமையையும் காவல்துறையின் கெடுபிடியையும் தொடவில்லை என்பதில் திகைக்க என்ன இருக்கிறது?

டெட்ராய்ட்டை நினைத்துப் பாருங்கள். 1967 ஜூலை 23 அதிகாலையில், 12-ஆம் தெருவில் உரிமமின்றி நடந்த மதுக்கூடம் ஒன்றில் காவலர்கள் புகுந்து, உள்ளே இருந்த எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அங்கே நடந்துகொண்டிருந்தது, வியட்நாமிலிருந்து ஊர் திரும்பிய கறுப்பின வீரர்கள் இருவருக்கான வரவேற்பு விருந்து. அதிலிருந்து மூண்ட கலவரத்தில் 43 பேர் இறந்தனர். அதை அடக்கத் தாங்கள் அனுப்பிய வான்குடைப் படையினரிலும் வியட்நாமில் போரிட்டவர்கள் இருந்தார்கள். போர் வேறு, நகரம் வேறு என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்ல முடியும்?

தாங்கள் ஏழைகள்பால் இரக்கமற்றவர் என்று நான் எழுத மாட்டேன்; டெக்சஸ் மாநிலத்துக் கொட்டுல்லா ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவர் தாங்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு ஊறு நேரும் என்றஞ்சியே போரின் செலவை மறைத்தீர்கள். மறைத்தும் பயனில்லை: 1968 ஜூனில் பத்து விழுக்காடு கூடுதல் வரிக்கு இசைந்த நாடாளுமன்றம், அதற்கு ஈடாக 600 கோடி டாலர் செலவுக் குறைப்பை வாங்கிக்கொண்டது.

கலவரங்களின் காரணத்தை ஆராயத் தாங்களே அமைத்த கெர்னர் ஆணையம், நாடு கறுப்பு, வெள்ளை என்று இரு சமூகங்களாகப் பிளவுபட்டு வருவதாக 1968 பிப்ரவரி இறுதியில் எச்சரித்தது. வேலைக்கும் வீட்டுக்கும் பெரும் நிதி கேட்டது. அந்த நிதி போர்க்களத்தில் கரைந்துகொண்டிருந்தது. அறிக்கையை வெள்ளை மாளிகையில் முறைப்படி பெற்றுக்கொள்ளவும் தாங்கள் முன்வரவில்லை. ஒரு மாதம் கழித்து, மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்தீர்கள். அதிபர் பதவியையே வேண்டாமென்று சொல்லத் துணிந்த தாங்கள், அந்த அறிக்கையைக் கைநீட்டி வாங்க ஏன் தயங்கினீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் ஆட்சிக்காலத்தைப் படித்துவரும் ஒருவன்