நான்கு பிரதமர்களைக் கண்ட ஆண்டு

பாரிஸ்
29 டிசம்பர் 2024

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். ஃபெஞ்சல் புயல் மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. அதே கடிதத்தின் முடிவில், "உங்கள் ஊரில் இப்போது யார்தான் பிரதமர்?" என்று கேட்டிருந்தீர்கள். கேலியாகக் கேட்டிருந்தாலும் நியாயமான கேள்விதான். ஆண்டு பிறந்தபோது பிரான்சில் எலிசபெத் போர்ன் பிரதமராக இருந்தார். ஜனவரி 9 அன்று 34 வயதான கப்ரியல் அத்தால் வந்தார். செப்டம்பர் 5 அன்று 73 வயதான மிஷேல் பர்னியே நியமிக்கப்பட்டார். டிசம்பர் 13 முதல் பிரான்சுவா பய்ரூ இருக்கிறார். 1958-இல் தொடங்கிய ஐந்தாம் குடியரசின் மிக இளைய பிரதமரையும் மிக மூத்த பிரதமரையும் ஒரே ஆண்டில் பார்த்துவிட்டோம்.

ஆண்டின் முதல் மாதங்களில் இப்படி ஆகும் என்று யாரும் எண்ணவில்லை. ஜனவரியில் உழவர்கள் டிராக்டர்களோடு வந்து பாரிசைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். சில சலுகைகளைப் பெற்றுக்கொண்டு திரும்பினார்கள். மார்ச் 4 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வெர்சாய் அரண்மனையில் ஒன்றாகக் கூடி, கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியலமைப்பிலேயே பொறிக்கும் திருத்தத்தை 780-க்கு 72 என்ற வாக்குகளில் நிறைவேற்றின. வலதுசாரிகளில் பலரும் அன்று ஆதரித்தே வாக்களித்தார்கள். அப்படி எல்லாரும் ஒரு பக்கம் நின்ற காட்சியை அதன் பிறகு இந்த ஆண்டில் நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது ஜூன் 9. அன்று மாலை தில்லியில் நரேந்திர மோதி கூட்டணி அரசின் தலைவராகப் பதவியேற்றதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சில மணி நேரம் கழித்து, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வந்த சூட்டோடு, அதிபர் மக்ரோன் எங்கள் கீழவையைக் கலைத்தார். ஜோர்தான் பர்தெல்லா தலைமையில் நின்ற தீவிர வலதுசாரி தேசியப் பேரணிக் கட்சி 31 சதவீதத்துக்கு மேல் பெற்றிருக்க, அதிபர் தரப்புக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஐரோப்பியத் தேர்தலில் தோற்றதற்காக உள்நாட்டு அவையைக் கலைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நாட்டின் மனநிலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

பிரசாரத்துக்குக் கிடைத்தவை மூன்றே வாரங்கள். ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த இடதுசாரிக் கட்சிகள் சில நாட்களுக்குள் 'புதிய மக்கள் முன்னணி' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. இங்கே பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும் வழியை ஒழிப்போம் என்றும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைச் சில முக்கியப் பதவிகளிலிருந்து விலக்குவோம் என்றும் தேசியப் பேரணி சொல்லிவந்ததால், பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் கடைத்தெருவில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வேறு எதையும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நம்மைப் போன்ற புதுச்சேரிக்காரர்கள், 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பெற்றோர் தேர்ந்தெடுத்துக்கொடுத்த பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்கள் என்பதால், இந்தப் பேச்சு தங்களைத் தொடாது என்று இருந்துவிட்டார்கள். அந்த அசட்டையில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் சுற்றில் தேசியப் பேரணி முந்தியது. பதிவான வாக்காளர்களில் எட்டில் ஒரு பங்கினரின் ஆதரவு கிடைத்தாலே இரண்டாம் சுற்றுக்குப் போகலாம் என்பதாலும், இம்முறை வாக்குப்பதிவு 66 சதவீதத்தைத் தாண்டியதாலும், 300-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் மும்முனைப் போட்டி உருவானது. அப்போது இடதுசாரிகளும் அதிபர் தரப்பினருமாக 200-க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தாமாகவே விலகி, தேசியப் பேரணியை எதிர்க்கும் மற்றவருக்கு வழிவிட்டார்கள். ஜூலை 7 அன்று முடிவு தலைகீழானது: மொத்தம் 577 இடங்களில் இடதுசாரிக் கூட்டணிக்கு ஏறத்தாழ 180, அதிபர் தரப்புக்கு 160-க்கு மேல், தேசியப் பேரணிக்கும் கூட்டாளிகளுக்கும் 140-க்குச் சற்று மேல். பெரும்பான்மைக்கு வேண்டிய 289-ஐ யாரும் நெருங்கவில்லை.

உங்கள் நாட்டில் 272 தேவைப்பட்ட இடத்தில் 240 பெற்ற கட்சி, முடிவு வந்த ஐந்தாம் நாள் கூட்டணியோடு பதவியேற்றுவிட்டது. இங்கே முழு அமைச்சரவை அமைய செப்டம்பர் 21 ஆனது. கூட்டணி பேசும் பழக்கம் இந்த நாட்டு அரசியலுக்கு இல்லை. அதிபர் ஒருவர், அவர் பின்னால் ஒரு பெரும்பான்மை என்று பழகிய கட்சிகளுக்கு, விட்டுக்கொடுப்பது சரணடைவதாகவே தோன்றுகிறது. இடதுசாரிகள் லூசி கஸ்தே என்ற நிதித்துறை அதிகாரியைப் பிரதமர் பதவிக்கு முன்மொழிந்தார்கள். அவர் அரசு உடனே கவிழும் என்று கூறி மக்ரோன் மறுத்தார்.

இடையில் ஒலிம்பிக் வந்து இந்தச் சச்சரவை மூடிவைத்தது. ராஜினாமா செய்துவிட்ட அத்தாலின் அரசு அன்றாட அலுவல்களை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க, கொட்டும் மழையில் சேன் நதியில் தொடக்க விழா நடந்தது. அன்று காலையில்தான் அதிவேக ரயில் பாதைகளில் நாசவேலை நடந்திருந்தது. நீச்சலில் லியோன் மர்ஷான் நான்கு தங்கம் வென்றபோது பிரதமர் இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை. நமக்குரிய மகிழ்ச்சி பாராலிம்பிக்கில் கிடைத்தது: லா சப்பலுக்குப் பக்கத்தில், போர்த் த லா சப்பலில் எழுந்த புதிய அரங்கில், துளசிமதி முருகேசன் பேட்மின்டனில் வெள்ளியும், மனிஷா ராமதாசும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றார்கள்.

இனி, எனக்கு இன்னும் ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். அவையில் மிகக் குறைந்த இடங்களே கொண்ட பழைய வலதுசாரிக் கட்சியிலிருந்து பர்னியேவை மக்ரோன் தேர்ந்தெடுத்தார். பர்னியே நேர்மையானவர், பொறுமைசாலி; அதில் ஐயமில்லை. ஆனால் இடதுசாரிகள் முதல் நாளிலிருந்தே எதிர்த்ததால், அவர் பதவியில் நீடிப்பது தேசியப் பேரணியை அவையில் வழிநடத்தும் மரீன் லெ பென்னின் தயவில் தொங்கியது. எந்தக் கட்சியைத் தடுப்பதற்காக மக்கள் ஜூலையில் வரிசையில் நின்றார்களோ, அந்தக் கட்சியின் கையிலேயே அரசின் ஆயுள் கொடுக்கப்பட்டது. பற்றாக்குறை நாட்டின் உற்பத்தியில் 6 சதவீதத்தைத் தாண்டியிருக்க, செலவுக் குறைப்பும் வரியுமாக 6,000 கோடி யூரோவைத் திரட்ட பர்னியே திட்டமிட்டார். மின்சார வரியில் இறங்கிவந்தார். ஓய்வூதிய உயர்வைத் தள்ளிப்போடுவதில் இழுபறி நீடித்தது. டிசம்பர் 2 அன்று, வாக்கெடுப்பு இல்லாமலே சட்டத்தை நிறைவேற்ற இடமளிக்கும் 49-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவைப் பயன்படுத்தினார். இரண்டு நாள் கழித்து இடதுசாரிகளும் லெ பென் தரப்பும் சேர்ந்து 331 வாக்குகளில் அரசைக் கவிழ்த்தார்கள்.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அரசு கவிழ்ந்தது இதற்கு முன் ஒரே முறைதான்: 1962 அக்டோபரில், பிரதமர் பொம்பிதூவின் அரசு, நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அன்று அதிபர் தெ கோல் அவையைக் கலைத்துப் பெரும்பான்மையோடு திரும்பினார். மக்ரோனுக்கு அந்த வழியும் இல்லை. ஒருமுறை கலைத்துத் தேர்தல் நடத்திய பின் ஓராண்டுக்கு மீண்டும் கலைக்க முடியாது என்பதால், அடுத்த ஜூலை வரை இதே அவைதான். பட்ஜெட் இல்லாததால், வரி வசூலிப்பதற்கும் கடன் வாங்குவதற்கும் ஒரு தனிச் சட்டம் இயற்றிச் சமாளித்திருக்கிறார்கள். ஒரு வேடிக்கை: அரசு கவிழ்ந்ததால் ஓய்வூதியம் ஜனவரி முதல் 2.2 சதவீதம் உயர்கிறது. உங்கள் தெருவில் பிரெஞ்சுப் படை ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பங்கள் இந்தச் செய்தியைக் கவனமாகப் படித்திருக்கும்.

அரசு கவிழ்ந்த மூன்றாம் நாள், 2019-இல் தீப்பிடித்துச் சிதைந்த நோத்ர் தாம் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் முடிப்போம் என்ற வாக்கை ஏறத்தாழக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இந்த ஆண்டில் எனக்கு மரியாதை கூடிய ஒருவர் உண்டென்றால் அது ஜிசேல் பெலிகோ; கணவரே மயக்க மருந்து கொடுத்து, பிற ஆண்களையும் அழைத்துவந்து பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய பெண். மூடிய அறை விசாரணையை மறுத்து, வெட்கப்பட வேண்டியது தாமல்ல என்று அவிஞ்ஞோன் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்றார். டிசம்பர் 19 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 51 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மயோத் தீவைச் சிதோ புயல் சிதைத்தது டிசம்பர் 14 அன்று. பய்ரூ பதவியேற்ற மறுநாள் அது.

பய்ரூவின் அமைச்சரவையில் இரண்டு முன்னாள் பிரதமர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், ஆண்டின் தொடக்கத்தில் பிரதமராக இருந்த போர்ன், இப்போது கல்வி அமைச்சர். அவருக்கு இடம்விட்டவர் வேறு யாருமல்ல, நீங்கள் வாக்களிக்கும், வெளிநாடுகளில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கான 11-ஆம் தொகுதியின் ஆன் ஜெனெத்தே. சோசலிஸ்டுகள் லெ பென்னோடு சேர்ந்து வாக்களிக்காமல் இருந்தால் பய்ரூ பட்ஜெட்டைத் தாண்டிவிடுவார் என்று நான் கணிக்கிறேன். அதற்கு 64 வயது ஓய்வுச் சட்டத்தில் அவர் எதையாவது விட்டுத்தர வேண்டியிருக்கும். ஜெனெத்தே புதுச்சேரிப் பக்கம் வந்தால் இதைப் பற்றிக் கேட்டு, என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பள்ளித் தோழன்