ஒருமுறை பேசிவிட்டுப் போனவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதித்த பெண் ஒருவர் பள்ளிக்கு வந்து பேசிவிட்டுப் போனால் என்ன மாறிவிடும் என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு, அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமாவின் மனைவி மிஷெல் ஒபாமாவைத்தான் காட்டத் தோன்றுகிறது.

2009 ஏப்ரலில் லண்டன் போனவர், இஸ்லிங்டனில் உள்ள எலிசபெத் காரெட் ஆண்டர்சன் பெண்கள் பள்ளிக்குச் சென்றார். ஏழை வீட்டுப் பிள்ளைகளும், அகதிகளாக வந்தவர்களும் நிறையப் படிக்கும் பள்ளி அது. சிகாகோவின் தெற்குப் பகுதியில், பணமில்லாத கறுப்பினக் குடும்பத்தில் வளர்ந்த கதையை அந்த மாணவிகளிடம் சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் உனக்கு ஒத்துவராது என்று பள்ளி ஆலோசகர் ஒருகாலத்தில் கைவிரித்த பெண் அவர். அங்கேயே படித்து, அப்புறம் ஹார்வர்டில் சட்டமும் முடித்தார். அவர் சொன்னால் பிள்ளைகள் நம்பத்தான் செய்வார்கள்.

சரி, பேச்சு யார் வேண்டுமானாலும் பேசலாம். அவர் திரும்ப வந்தாரே, அதுதான் எனக்குப் பெரிது. 2011-இல் அதே பள்ளி மாணவிகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே வரவழைத்து, அங்கே ஒரு நாளைக் கழிக்க வைத்தார். 2009 நவம்பரிலேயே வாஷிங்டன் வட்டார மாணவிகளுக்காக வழிகாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த பெண்களை அவர்களுக்குத் துணையாக்கியிருந்தார்.

இத்தகைய பெண்களைப் பற்றி எழுதும்போது மேடைப் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளை மறுபடி எப்போது பார்த்தீர்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்