எட்டு மணி நேரம் உழைத்தும் எட்டாத கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைகூலி என்று பேச்சு வந்தாலே, அமெரிக்காவைவிடக் கனடாவில் நாம் எவ்வளவோ மேல் என்கிறோம். ஒரு விதத்தில் சரிதான். அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது (பல மாநிலங்கள் தாமாகவே கூட்டிவிட்டன). இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் 17.60 கனடிய டாலர்.

ஆனால் குறைகூலி விகிதத்தை டாலரை மட்டும் வைத்து அளப்பதில்லை. ஒரு நாட்டின் முழுநேர ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காதவர்களை எண்ணுகிறது ஓஇசிடி (பல வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு). அந்தக் கணக்கில் இரண்டு நாடுகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சிக்குகிறார். அண்டை வீட்டைக் காட்டிப் பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது?

எங்கள் கட்டடத்தில் இரவில் துப்புரவு செய்யும் அக்காவுக்கு வாரம் 40 மணி நேர வேலை. அப்படியும் போதாமல், சனிக்கிழமை விடியற்காலையில் இன்னொரு வேலைக்காக பஸ்ஸுக்கு நிற்பார். ரப்பர் கையுறைக்குள்ளேயே கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

அப்புறம், பகுதிநேரத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அடுத்த முறை இரு நாடுகளையும் ஒப்பிட்டுச் செய்தி போடும்போது அவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்காபரோ