மரச்சில்லு மூடாக்கும் நான் செய்த பிழையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். "காசு கொடுத்து மரச்சில்லுகளை வாங்கி மண்ணின் மேல் கொட்டுகிறாயாமே, எதற்கு?" என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இந்நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் அதே வியப்புதான். குளிர்காலம் முடிந்து மண் இளகியதும், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு குவியல் வந்து இறங்கும். விடுமுறை நாள் முழுவதும் தள்ளுவண்டிகளின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். மண்ணின் மேல் இப்படிப் பரப்பும் அடுக்கை மூடாக்கு என்பார்கள். வாசலை அழகுபடுத்தும் ஒப்பனை என்றே அதை நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தினால்தான் முதல் ஆண்டிலேயே பெரிய பிழை ஒன்றைச் செய்தேன்.

வீட்டின் முன்புறம் இளம் மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. தெருவில் மற்றவர்கள் செய்திருந்ததைப் பார்த்து, நானும் அதன் அடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சில்லுகளைக் கூம்பு போலக் குவித்து, தட்டிச் சீராக்கி, மனநிறைவோடு உள்ளே போனேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பக்கத்துக் கிளைகளில் இலைகள் சிறுத்து வெளிறின. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு நாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து, கையாலேயே அந்தக் குவியலை விலக்கிக் காட்டினார். பட்டை ஈரத்தில் ஊறி மென்மையாகிக் கறுத்திருந்தது. எலி கடித்த தடமும் தெரிந்தது. அதைவிட மோசம், குவியலுக்குள்ளேயே புதிய வேர்கள் முளைத்து, மரத்தைக் கயிறு போலச் சுற்றத் தொடங்கியிருந்தன. அடிமரம் அகன்று வேர்களாக விரியும் இடத்தை வேர்க்கழுத்து என்பார்கள். அது எப்போதும் காற்றுப்படத் திறந்திருக்க வேண்டும். வேருக்கு ஈரம் நல்லது. பட்டைக்கு அது ஆகாது. இவ்வளவு எளிய செய்தி எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்று வெட்கப்பட்டேன். மரம் பிழைத்துக்கொண்டது என்றாலும், அந்தப் பக்கத்தில் இரண்டு கிளைகளை வெட்ட நேர்ந்தது.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் களைகளை வேரோடு எடுத்துவிடுகிறேன். வேர் தங்கிய பல்லாண்டுக் களைகள் எவ்வளவு தடித்த மூடாக்கையும் துளைத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு மண் நன்றாக நனையும்படி நீர் விடுகிறேன். காய்ந்த மண்ணை மூடினால், அதன் பின் பெய்யும் சிறு தூறல் மேல் அடுக்கோடு நின்றுவிடும். அதன் பிறகே சில்லுகளைப் பரப்புகிறேன். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தடிமன் போதும்; பருமனான சில்லுகள் என்றால் பத்து வரை போகலாம், தூளாக இருந்தால் ஐந்துக்கு மேல் கூடாது, ஏனெனில் தூள் இறுகிப் பாய் போல ஆகி, நீரையும் காற்றையும் தடுக்கும். மரத்தடியிலிருந்து ஒரு சாண் அளவாவது விலக்கி, கூம்பாக அன்றி வளையமாக இடுகிறேன். செடிகளின் தண்டிலிருந்தும் சில விரற்கடை விலகியே இருக்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டியும் இடுவதில்லை; ஈரமும் கரையானும் அவ்வழியே ஏறும்.

இப்படி மூடியபின், வெயில் நேராகப் படாததால் மண்ணின் ஈரம் நாட்கணக்கில் நிற்கிறது. ஒளி கிடைக்காமல் களை விதைகள் பெரும்பாலும் முளைப்பதில்லை. பெருமழையின் துளிகள் மண்ணை அடித்து இறுக்குவதுமில்லை. சில்லுகள் மெல்ல மக்கி மண்ணோடு சேர்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் ஆண்டில் விலக்கிப் பார்த்தால், அடியில் மண்புழுக்கள் நெளியும் கறுத்த மண் இருக்கிறது. இதற்காகவே, மூடாக்கின் அடியில் களைத்தடுப்புத் துணி விரிக்க வேண்டாம் என்று மூதாட்டி கண்டிப்பாகச் சொன்னார். மக்கியது மண்ணில் கலக்காமல் துணியின் மேலேயே தங்கிவிடும். காற்றில் வரும் விதைகள் அங்கேயே வேரூன்றிவிடும். முன்பு இருந்தவர்கள் விரித்துவிட்டுப் போன அத்தகைய துணியைக் கிழித்தெடுக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

பச்சை மரச்சில்லு மண்ணின் தழைச்சத்தை உறிஞ்சிவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மண்ணோடு கொத்திக் கலந்தால் அப்படித்தான் நடக்கும். மேலே மட்டும் பரப்பினால், சில்லும் மண்ணும் தொடும் மெல்லிய பரப்போடு அந்த இழப்பு நின்றுவிடும். ஆழத்தில் வேர் ஊன்றிய செடிகள் அதை உணர்வதே இல்லை. ஆனால் நெடுநாள் பெருங்குவியலாகக் கிடந்த சில்லைக் கவனிக்க வேண்டும். காற்றுப் புகாமல் புளித்தால் அதிலிருந்து காடி நெடியோ அழுகல் நெடியோ வீசும். அப்படியே போட்டால் இளஞ்செடிகள் கருகிவிடும். சில நாட்கள் மெல்லியதாக விரித்து ஆறவிட்டால் சரியாகிவிடும்.

அளவுக் கணக்கும் எளிதுதான். முன்புறப் பாத்தி ஆறு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உடையது, அதாவது 9 சதுர மீட்டர். 7.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 0.7 கன மீட்டர் சில்லு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு பழையதை வாரிக் கிளறிவிட்டு, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்து, குறைந்ததை மட்டும் நிரப்பினேன். முதலில் இட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. ஆண்டுதோறும் பழையதைப் பாராமல் புதியதைக் கொட்டுகிறவர்களின் பாத்திகள் மேடாகிக்கொண்டே போகின்றன.

இன்னும் அரை வண்டிச் சில்லு வாசலில் கிடக்கிறது. மண் இப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முன்னே மூடினால் மண்ணின் குளிர் விலகத் தாமதமாகும் என்பதால் ஒரு வாரம் பொறுத்திருந்தேன். நாளை பின்புறப் பாத்தியை முடித்துவிடுவேன். மேப்பிள் மரத்தின் அடியைப் படமெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வேர்க்கழுத்து தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்